வட்டக்கோட்டையில் கிடைத்த உறவுகள்

நெடும்பயணம் மேற்கொள்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக் கொள்ளலாம் என்ற சலுகையை நம் மார்க்கம் வழங்கியிருக்கிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் ஒருவராகத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எண்ணுகிறது. ஊரில் செல்வராக வாழ்பவரும் வழியில் வறியவராகி நிற்கக் கூடும் என்பதை அறிந்த மார்க்கம் இது. இந்த உண்மையை எத்தனையோ முறை படித்திருந்தும், கேட்டிருந்தும், அதன் முழுப் பொருளையும் நான் உணர்ந்தது குமரி மாவட்டத்தின் வட்டக்கோட்டைக்கு அருகே கழித்த ஓர் இரவில்தான்.

பயணத்திற்கு வித்திட்டவர் ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் என் மைத்துனர். அங்கே விடுமுறை வந்தால், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வேனில் ஏறிக் குடும்பத்துடன் நாட்டுப்புறங்களைச் சுற்றிவருவது வழக்கமாம். காணும் காட்சிகளைவிட, இரவில் பக்கத்தில் வண்டியை நிறுத்துவோரிடம் ஏற்படும் நட்பே பெரிது என்று அவர் தொலைபேசியில் கூறுவார்.

அந்த நாட்டின் உட்பகுதிப் பாதைகளில் நம்மவர் சுவடும் உண்டு. 1860ஆம் ஆண்டு பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்திற்காகக் கராச்சித் துறையிலிருந்து ஒட்டகங்களும் அவற்றை நடத்துவோரும் மெல்பர்னுக்குக் கப்பலேறினர். அதன் பின் பல்லாண்டுக் காலம், பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்த ஒட்டகக்காரர்களே அந்நாட்டுப் பாலை நிலத்தில் உணவும் கம்பளியும் சுமந்து சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1888-89இல் அடிலெய்டு நகரில் எழுந்த பள்ளிவாசல் அவர்கள் காலத்தது. இன்றும் அங்கே பாங்கு ஒலிக்கிறது.

இதையெல்லாம் கேட்ட என் பிள்ளைகள், "நாமும் அப்படிப் போகலாம் வாப்பா!" என்று பிடித்துக் கொண்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல வசதியில்லை. ஆனால் வேனுக்கும் கடற்கரைக்கும் நம் நாட்டில் பஞ்சமா? மே மாத விடுமுறையில் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தி, பின் இருக்கைகளைக் கழற்றி, பாயும் தலையணையும் விரித்து, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, சட்டிபானை, தண்ணீர்க் குடங்களை ஏற்றினோம்.

உம்மாவுக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. "இந்தக் காலத்தில் முக்காட்டையும் தொப்பியையும் பார்த்தால் யார் வாப்பா வாசல் திறப்பார்கள்? இருட்டிவிட்டால் எங்கே போய் நிற்பாய்?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. செய்தித்தாள்களைப் படிக்கும் எந்தக் குடும்பத்திலும் இன்று எழும் அச்சம்தான் அது. அந்த அச்சத்தைப் பிள்ளைகளும் கேட்டுக் கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் மனத்தை வருத்தியது.

தேரியும் பனையும்

காயல்பட்டினத்திலிருந்து ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். திருச்செந்தூரைக் கடந்தால் குலசேகரன்பட்டினம்; அடுத்து மணல்மேட்டின் மீது தேவாலயம் நிற்கும் மணப்பாடு; பிறகு பெரியதாழை, உவரி. ஒரு புறம் நீலக்கடல். மறுபுறம் செந்நிறத் தேரி மணலும் முடிவில்லாத பனங்காடும். உவரியைத் தாண்டி ஒரு பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மரத்திலிருந்து இறங்கிய பனையேறி, கேட்காமலே ஓலையில் பட்டை பிடித்துப் பதநீர் ஊற்றினார். பணத்தை நீட்டியபோது, "முதல் பட்டை பிள்ளைகளுக்கு அண்ணாச்சி, அதுக்குப் போய் துட்டா?" என்று சிரித்தார். உம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் வேனுக்குள்ளிருந்த முறுக்கு டப்பா அவர் கைக்குப் போனதைக் கண்டேன்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கூம்பிய கூரைகளையும், சுழன்று நிற்கும் காற்றாலைகளையும் கண்டபடி அஞ்சுகிராமம் வந்து சேர்ந்தோம். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் வட்டக்கோட்டை. காயல்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து வந்தால் ஆறேழு கிலோமீட்டர்தான்.

வட்டமில்லாத வட்டக்கோட்டை

பெயர் வட்டக்கோட்டை, வடிவமோ நாற்கோணம்! சுமார் மூன்றரை ஏக்கர் நிலத்தை வளைத்து, ஏறத்தாழ 25 அடி உயரத்தில், கருங்கல்லால் எழுப்பிய மதில். அதன் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. பீரங்கிகளை மேலே ஏற்றுவதற்காகச் சரிவாக அமைத்த கற்பாதையில் ஏறி நின்றால், அலைகள் மதிலின் காலடியில் வந்து மோதிச் சிதறுவதைக் காணலாம். திரும்பிப் பார்த்தால் வயலும் தென்னையும், அவற்றுக்கப்பால் மருந்துவாழ் மலையும், வடக்கே அடுக்கடுக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையும். மதிலோரக் கடற்கரையில் மணல் கறுத்துக் கிடக்கிறது. இல்மனைட் முதலிய கனிமங்கள் கலந்திருப்பதே காரணம். மை கொட்டியதோ என்று எண்ணி என் சிறிய மகள் அதை அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இந்தக் கோட்டையை வலுப்படுத்திக் கட்டியவர் டிலனாய். இவர் கதை வியப்புக்குரியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். எதிரியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைக்கும் பெருந்தளபதியானார். 1777இல் இறக்கும் வரை இம்மண்ணிலேயே வாழ்ந்தார். இன்று இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பி நின்றபோது எதிரே மலைத்தொடர். முதுகுப் புறத்தில் கடலின் இரைச்சல். அப்படியொரு தொழுமிடம் எத்தனை பேருக்கு வாய்க்கும்! அல்ஹம்துலில்லாஹ்.

மணலில் புதைந்த சக்கரம்

மாலையில் கோட்டை வாயிலை அடைத்துவிட்டார்கள். சற்றுத் தொலைவில் மீனவர் வீடுகள் சில தெரிந்த இடத்தில், தென்னை நிழலில் வண்டியை ஒதுக்கினோம். ஒதுக்கிய பிறகுதான் தெரிந்தது, பின் சக்கரங்கள் இரண்டும் மணலில் புதைந்துவிட்டன என்று. ஓட்டுநர் முயல முயல அவை மேலும் இறங்கின. மஃரிப் நேரமும் வந்துவிட்டது. உம்மா என்னைப் பார்த்த பார்வையில், "நான் சொன்னேனே" என்ற சொல் இருந்தது.

அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி இறங்கி வந்தார். கழுத்தில் சிலுவைக் கயிறு. "எந்த ஊரு மக்கா? ராத்திரி இங்கயா கிடக்கப் போறிய? பெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு இந்தக் காத்துலயா? வீட்டுக்கு வாங்க" என்றார். உம்மா தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தின் காரணத்தை அந்தத் தாய் எப்படிப் புரிந்து கொண்டாரோ! உள்ளே சென்று, அன்று பிடித்த மீனைச் சமைக்காமல் அப்படியே ஒரு சட்டியில் கொண்டு வந்து வைத்தார். "உங்க பாத்திரத்துலயே ஆக்குங்க அக்கா. எனக்கும் ஒரு துண்டு தந்தாப் போதும்" என்றார்.

உம்மா சமைத்தார்கள், எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம். இஷாத் தொழுகைக்கு நேரமானபோது அந்தத் தாய், "எந்தப் பக்கம் பாத்துத் தொழணும்?" என்று கேட்டு, கூடத்தில் கிடந்த கட்டிலை மகனைக் கொண்டு நகர்த்தி இடம் செய்தார். பெண்களும் பிள்ளைகளும் அங்கேயே படுத்தனர். நானும் ஓட்டுநரும் வேனில் படுத்தோம். கடலின் மேல் பதினான்காம் பிறை ஏறி வந்து, கறுத்த மணலையும் வெளுக்கச் செய்தது.

நள்ளிரவு தாண்டியிருக்கும். என் துணைவியார் பதறி எழுப்பினார். சிறிய மகளின் உடல் அனலாய்க் கொதித்தது, கண் செருகியது. வண்டியோ அசைய மறுத்துக் கிடந்தது. ஊர் பேர் தெரியாத இருட்டில், கையில் பணம் இருந்தும் ஒன்றும் செய்ய இயலாதவனாய் நின்றேன். வீட்டில் செல்வராக இருப்பவரும் வழியில் வறியவராவார் என்பதன் பொருள் அந்த நிமிடத்தில் விளங்கியது.

அதற்குள் அந்தத் தாயின் மகன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர். "பிள்ளையத் தூக்கிட்டுப் பின்னால ஏறுங்க" என்றார். அஞ்சுகிராமம் போய், ஒரு மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினார். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, "பயப்பட ஒன்றுமில்லை, வெயிலும் காற்றும்தான்" என்று மருத்துவர் சொன்ன பின்பே எனக்கு மூச்சு வந்தது.

நாங்கள் திரும்பியபோது ஃபஜ்ர் நேரம் நெருங்கியிருந்தது. கூடத்தில் உம்மாவும் அந்தத் தாயும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் கையில் தஸ்பீஹ். மற்றவர் கையில் ஜெபமாலை. இருவரும் உறங்கவேயில்லை.

அந்தத் தாய் சொன்ன கதை

விடிந்ததும் ஊர் இளைஞர்கள் எட்டுப் பேர் வந்து, தென்னை மட்டைகளைச் சக்கரத்தின் கீழ் இட்டு, ஒரே மூச்சில் வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள். விடைபெறும்போது நான் அந்தத் தாயிடம் பணம் தர முயன்றேன். அவர் முகம் மாறியது.

"மக்கா, சுனாமி வந்தப்ப பேரப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனேன். உள்நாட்டுல ஒரு வீட்டுல ஏறுனேன். அந்த வீட்டுக்காரி எஞ் சாதியக் கேக்கல, சாமியக் கேக்கல. மூணு நாளு கஞ்சி ஊத்துனா. பெறகு தேடிப் போனேன். வீட்ட வித்துட்டு எங்கேயோ போயிட்டாவ. அந்தக் கடன இனி யாருக்குக் குடுக்க? வாரவங்களுக்குத்தான் குடுக்கணும்" என்றார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை இக்கடற்கரை கண்ட துயரத்தை நாம் அறிவோம். மணக்குடிப் பாலமே பிய்த்தெறியப்பட்ட நாள் அது. 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்டதும் இதே மாவட்டம்தான். பிரிவினையின் கசப்பையும் பேரலையின் கொடுமையையும் அறிந்த மண்ணில், ஓர் ஏழைத் தாய் கடனைத் தீர்க்கும் வழி இது!

அன்று நண்பகல் தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குச் சென்று டிலனாயின் கல்லறையைப் பார்த்தோம். லத்தீன் மொழியுடன் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருப்பதும் அதே தக்கலையில்தான். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடி வழியே செல்கையில், 'சதாவதானி' செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர் இது என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். எதிரியாய் வந்தவரையும் தன்னவராக்கிய மண்; முஸ்லிம் புலவரின் தமிழை எல்லாச் சமயத்தாரும் போற்றிய மண். அந்தத் தாயின் இயல்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிந்தது.

மாற்றாரை உள்ளே விடாமல் தடுப்பதற்காகக் கட்டிய மதில் மாலையானால் மூடிக்கொள்கிறது. அதன் அருகேயுள்ள ஒரு சின்ன வீட்டின் கதவு நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. இரண்டில் எது உறுதியானது என்று என் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். மனிதர்களைப் பல குலத்தாராகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்ற திருமறையின் போதனையை அவர்கள் பாடமாகவும் கற்றார்கள்; கண்ணாலும் கண்டார்கள்.

ஊர் திரும்பிய பின் உம்மா அந்த அச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அடுத்த தைப்பூசத்திற்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் எங்கள் பக்கத்துச் சாலையில் வந்தபோது, வீட்டு வாசலில் இரண்டு மண்பானைகளில் தண்ணீரும், ஒரு தட்டில் வெல்லமும் இருந்தன. காலில் கொப்புளத்துடன் திண்ணையில் அமர்ந்த ஒரு பெண்மணிக்கு உம்மா தம் கையாலேயே விசிறிக் கொண்டிருந்தார்கள். "யாரும்மா இது?" என்று கேட்டேன். "வழிப்போக்கர் வாப்பா" என்றார்கள்.

அந்தத் தாயும் உம்மாவும் மாதம் ஒருமுறையேனும் தொலைபேசியில் பேசிக் கொள்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் அவர்கள் எங்கள் வீட்டிற்கு வரவிருக்கிறார்கள்.

வாசகச் சகோதர சகோதரிகளே! குமரி செல்வோர் விவேகானந்தர் பாறையைக் கண்டதோடு திரும்பிவிடாமல், வட்டக்கோட்டைக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் முதியோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வண்டியை மட்டும் மணலில் இறக்கிவிடாதீர்கள்! இறங்கிப் புதைந்துவிட்டாலும் கலங்காதீர்கள். எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வருவார். அவ்வாறே, நம் வீட்டெதிரே யாருடைய சக்கரமேனும் புதைந்து கிடந்தால், இறங்கிச் செல்லும் முதல் ஆள் நாமாக இருப்போமாக!