ஒரேத்தோப் பள்ளத்தாக்கில் ஒரு கூடாரம்

வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறவர் பாரத்தை நினைக்கிறார். பொலித்தீன் கூடாரத்துக்குப் போடுகிறவர் காற்றை நினைக்க வேண்டும். கூரை கீழே அமிழ்ந்துவிடும் என்ற பயம் இங்கே இல்லை. மேலே கிளம்பிப் போய்விடும் என்பதுதான் பயம். பலெர்மோவின் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு துண்டு நிலம் எடுத்து, மிளகாயும் கத்தரியும் வைத்து, முருங்கைக் கன்றைக் குளிரிலிருந்து காப்பாற்றப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளமான கூடாரத்தின் விரிப்பு ஏறக்குறைய பத்துக் கிலோதான் வரும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்றோ சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 25 கிலோ அழுத்தம் தரக்கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. பலெர்மோவில் இது வெறும் கணக்கில்லை. ஆபிரிக்காவிலிருந்து வரும் சிரொக்கோ என்ற காற்று மலைகளைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, விட்டுவிட்டு மோதும். அந்தக் காற்றுக்கு ஒளிந்திருக்கவென்றே இந்த ஊர்ச் செல்வந்தர்கள் ஒருகாலத்தில் நிலத்தடியில் அறை குடைந்து வைத்திருந்தார்கள்.

காற்றுக்கு வழி திறந்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். ஒரேத்தோ ஆற்றின் மேல் கட்டிய அமிராலியோ பாலம் என்று ஒன்று இங்கே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில், சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜரின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியாவின் ஜோர்ஜ் கட்டியது. பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டதால் இப்போது அதன் கீழே தண்ணீர் இல்லை. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய வளைவுகளுக்கு நடுவே சிறு வளைவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வெள்ளம் ஊடறுத்துப் போகட்டும் என்று. அந்தக் கட்டடக்காரரின் அறிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் கூடாரத்துக்கு அந்த வழி ஒத்துவராது. கதவைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே நிறைந்து, வெளியே இழுக்கிற காற்றோடு சேர்ந்து கூரையைத் தூக்கும். பெருங்காற்று நாளில் கதவு இறுகப் பூட்டியிருக்க வேண்டும். மிச்சம் முழுவதையும் நிலம்தான் பிடிக்க வேண்டும்.

அந்த நிலமோ இடத்துக்கு இடம் வேறு. ஆற்றோரம் வண்டல், கூடாரத்தைத் தாங்கும் அத்திவாரக் குழாய் சுலபமாக இறங்கும், அதே சுலபத்தோடு மேலேயும் வரும். சற்றுத் தள்ளிப் போனால் பலெர்மோவின் பழைய வீடுகளைக் கட்டிய அதே மஞ்சள் சுண்ணாம்புக்கல் சீக்கிரமே முட்டும். அத்திவாரக் குழாய் 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரை இறங்க வேண்டும். கல் முட்டினால் குழாயை வெட்டிக் குட்டையாக்கிவிட்டு இது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கல்லைத் துளைத்து, சாந்து விட்டு இறுக்குங்கள். கல் கிடைத்தது நல்லதுக்குத்தான். இறக்குமுன் நான்கு மூலையிலும் கயிறு கட்டி மூலைவிட்டங்களை அளவுங்கள். இரண்டும் 6.71 மீற்றர் வந்தால் மூலைகள் செங்கோணம்தான்.

“தம்பி, முழுக்கச் சீமெந்து போட்டால் என்ன?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார்.

“அண்ணை, நிலம் குத்தகைதானே? நாளைக்குக் கிண்டி எடுக்கிறது ஆர்?”

எனக்குப் பிடித்தது பழைய முறை. கூடாரத்தின் இரு பக்கமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் ஆழமுமாகக் கிடங்கு வெட்டி, விரிப்பின் ஓரத்தை உள்ளே மடித்துப் போட்டு, மண்ணை மூடி மிதிப்பது. ஒவ்வொரு மீற்றருக்கும் நூறு கிலோவுக்கு மேல் மண் விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். காசில்லாமல் கிடைக்கிற பாரம் அது. அலவாங்கும் மண்வெட்டியும் போதும். இளகிய வண்டலில் மட்டும், மூலைக் குழாய்களுக்காவது சீமெந்துக் காலோ மண்ணுக்குள் திருகி இறக்கும் நங்கூரமோ தேவை. இங்கே மழையும் பெருங்காற்றும் ஒரே பருவத்தில் வருகின்றன. நனைந்த மண் பிடியை இழக்கும் நேரத்தில்தான் காற்று அதிகம் இழுக்கும்.

ஆகவே செப்டெம்பர் முடியுமுன் கிடங்கு மூடியிருக்க வேண்டும். விரிப்பைக் காற்றில்லாத வெயில் நாளில் போடுங்கள். சூட்டில் நெகிழ்ந்திருக்கும்போது இழுத்துப் புதைத்தால், இரவு குளிர்ந்ததும் தானாக இறுகும். முதல் மழைக்குப் பிறகு மண் தாழ்ந்திருக்கும். அந்த இடத்துக்கு இன்னும் நாலு கூடை மண் போட்டு மறுபடியும் மிதியுங்கள்.