கேரியர் வீணா?



நம் கம்யூனிகேஷன் பாடத்தில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஏ.எம். முறையின் குறைகளை எழுதுக." பதில் நமக்கெல்லாம் மனப்பாடம். நூறு சதவீதம் மாடுலேஷன் கொடுத்தாலும் மொத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைக் கேரியரே விழுங்கிவிடுகிறது. அந்தக் கேரியரில் செய்தி என்று ஒரு சொல்கூடக் கிடையாது. மிச்சமிருக்கும் ஒரு பங்கும் மேல் சைடுபேண்டு, கீழ் சைடுபேண்டு என்று இரண்டாகப் பிரிந்து போகிறது. இரண்டும் சுமப்பது ஒரே செய்தியைத்தான். ஆகவே ஏ.எம். என்றால் வீண் செலவு, சிங்கிள் சைடுபேண்டே சிக்கனம். இப்படி எழுதினால் முழு மார்க்!

மார்க் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் இந்த "வீண்" முறையிலேயே இன்றும் ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. விவரம் தெரியாதவர்களா என்றால் இல்லை. எல்லோரும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள். 'ஹாம்' என்பது அவர்களுடைய செல்லப் பெயர். ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஹாம் என்றால் சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது. சொந்த வீட்டில் ட்ரான்ஸ்மிட்டர் வைத்து, மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, இன்னோர் ஊரில் இருக்கும் இன்னொரு ஹாமோடு பேசுவது, அவ்வளவுதான். நம் நாட்டில் 12 வயது நிறைந்த யாரும் அரசாங்கத்தின் பரீட்சையை எழுதலாம். தேறினால் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். விதிகள் கறாரானவை. பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ஊருக்கெல்லாம் ஒலிபரப்பு நடத்தக் கூடாது.

நம் நாட்டு ஹாம்கள் அதிகம் புழங்கும் இடம் 40 மீட்டர் பேண்டு. 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. இந்தச் சிற்றலை வானத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால், பகலில் சில நூறு கிலோமீட்டரும் இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் போகும். "சி.க்யூ., சி.க்யூ." என்று கூப்பிடுவார்கள். யாராவது பதில் கொடுத்தால், "உங்கள் குரல் 59" என்பார்கள். தெளிவுக்கு 5, வலுவுக்கு 9 என்று அர்த்தம். பேசி முடித்து "73" என்று வாழ்த்துச் சொல்லி விடைபெறுவார்கள்.

1950, 60-களில் உலகெங்கும் ஹாம்கள் மெல்ல மெல்லச் சைடுபேண்டுக்கு மாறிவிட்டார்கள். மாறாமல் நின்றவர்களும், மாறிவிட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 3885, 7290, 14286 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏ.எம். பேசுகிறவர்கள் கூடும் இடம் என்று அங்குள்ள ஹாம்களுக்குத் தெரியும். பிரிட்டனில் 3615. வானொலி நிலையங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பெரிய ட்ரான்ஸ்மிட்டர்களைத் தூக்கிவந்து கார் ஷெட்டில் நிறுத்தி, வால்வு மாற்றி உயிர் கொடுத்தவர்கள்கூட அவர்களில் இருக்கிறார்கள்!

அதில் என்ன சுகம் என்கிறீர்களா? சைடுபேண்டில், ஆள் பேசும்போது மட்டும்தான் அலை கிளம்பும். ஏ.எம்.மில் மைக்கின் பொத்தானை அமுக்கியதுமே கேரியர் கிளம்பிவிடும். அது வந்து விழுந்த கணமே, நம் ரேடியோவில் 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்த சத்தம் அடங்கும். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார் என்று நமக்குத் தெரிந்துவிடும்!

அடுத்த விஷயம்தான் முக்கியம். லேபில் நாம் ஏ.எம். டிடெக்டர் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஓ.ஏ.79 டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். மொத்தமே சில ரூபாய் சாமான். சி.ஆர்.ஓ. திரையில் பார்த்தால் அலையின் வெளி விளிம்பே நம் குரலின் வடிவம். டயோடு அந்த விளிம்பை உரித்துக் கொடுத்துவிடுகிறது. கேரியரை நீக்கிவிட்டால் அந்த விளிம்பு ஏது? காணாமல் போன கேரியரை ரேடியோவே உள்ளே தயாரித்துச் சேர்க்க வேண்டும். அதற்குத் தனி ஆசிலேட்டர் வேண்டும், குறி பார்த்து டியூன் செய்யும் கையும் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலே குரல் வேறு ஆளுடையதாகிவிடும். ஆக, கேரியர் செய்தி சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் செலவில்லாத ஒரு சாதாரண ரேடியோவுக்கு அந்தச் செய்தியைப் புரியவைப்பதே கேரியர்தான். பேசுகிறவர் கூடுதலாகச் செலவழிக்கிறார், அதனால் கேட்கிறவருக்குச் செலவு குறைகிறது.

இது எனக்குப் புத்தகத்தைவிட எங்கள் வீட்டில்தான் நன்றாக விளங்கியது. தாத்தா இருந்தவரை இலங்கை வானொலி கேட்ட பழைய ரேடியோ ஒன்று நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆயா அதை யாரையும் தொடவிடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, சிற்றலையில் 41 மீட்டர் என்று போட்டிருக்கும் இடத்துக்குச் சற்று இந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினேன். 'க்வாக் க்வாக்' என்று ஒரு குரல்.

"இன்னாடா கண்ணு, வாத்து மேய்க்கிறவன் ரேடியோவுல பேசுறானா?" என்றது ஆயா.

"இல்ல ஆயா, அது ஹாம். படிச்சவங்க பேசிக்கிறாங்க. நம்ம தமிழாக்கூட இருக்கும்."

"தமிழ்ல பேசுறவன் புரியிற மாதிரி பேசுனா இன்னாவாம்?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ரேடியோ பழுதில்லை, பேசினவர் மேலும் தப்பில்லை. நடுவில் இருக்க வேண்டிய கேரியர் இல்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டு ரேடியோ சரித்திரமே இந்தக் கேரியரின் தயவில் நடந்ததுதான். 1924 மே 16-ஆம் தேதி சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பம். ட்ரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட்! ஒரு குண்டு பல்பின் சக்தி. பணமில்லாமல் 1927-இல் கிளப்பை மூட வேண்டியதாயிற்று. கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. ரேடியோ வாங்க முடியாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்ததே 1938-இல்தான். ஆசைக்கு ரேடியோ செய்தவர்கள் அதற்கு 14 வருஷம் முந்திக்கொண்டார்கள்.

இன்னொன்று 1942. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் தலைவர்கள் எல்லாம் சிறையில். போர்க்காலமென்று ஹாம் உரிமங்களையும் அரசாங்கம் நிறுத்திவைத்திருந்தது. அப்போது பம்பாயில் 22 வயது மாணவி உஷா மேத்தாவும் தோழர்களும் 'காங்கிரஸ் ரேடியோ' என்ற ரகசிய நிலையத்தை நடத்தினார்கள். போலீசுக்குத் தப்ப வீடு மாற்றி வீடு மாற்றி ட்ரான்ஸ்மிட்டரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். நவம்பர் 12-ஆம் தேதி பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை. அந்த நிலையத்தின் அலை நீளம் 42.34 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பர்களே, ஏறக்குறைய 7.08 மெகாஹெர்ட்ஸ் வரும். இன்றைய ஹாம் பேண்டின் நடுவே! வீடுகளில் இருந்த சாதாரண ரேடியோக்களுக்குப் புரிந்ததால்தானே அந்தக் குரலுக்கு மதிப்பு?

சரி, அதெல்லாம் சென்னை, பம்பாய் கதை. நம் பக்கத்துக்கு வருவோம். எங்கள் ஊருக்கு அருகே வீராம்பட்டினம் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்துக்கும் கிராமங்களுக்கும் இடையே வயர்லெஸ் கருவிகள் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி மூலம் தமிழில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். தெற்கே நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தி கேட்டுத் தம் வீட்டுக்குப் போன் போட்டார். போன் சொன்னது ஒரு வீட்டுக்கு. ஊருக்குச் சொன்னது யார்? தகவல் மையத்தின் ஒலிபெருக்கி. பூட்டை உடைத்து அதை எடுத்து அறிவித்தார்கள், ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேரில், ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவும் ரேடியோ மூலமாகத் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் செய்தி கொண்டுபோனார்கள்.

இரண்டும் வேண்டும் நண்பர்களே. தூரத்துக்குப் போகச் சைடுபேண்டுதான் சிறந்தது. பாதி இடத்தில் அடங்கும், குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசிக் கல் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தச் செய்தி அவர் கையிலிருக்கும் கருவியில் புரிய வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' வந்தது, 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' வந்தது. புயல் ராத்திரியில் கரண்ட் போய், செல்போன் செத்துக் கிடக்கும்போது இந்த அருமை தெரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்தது நான்தான் முதல். போன வருஷம் ஆயாவுக்குக் கண் தெரியவில்லை என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எல்லாம் சரியாகத்தான் சொன்னார். லென்ஸ், ஓபாசிட்டி, இம்ப்ளான்ட். ஆயா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. வெளியே வந்ததும், "இன்னாடா சொன்னாரு? கண்ண நோண்டி எடுத்துடுவாங்களா? எனக்கு ஒண்ணும் வேணாம், வா ஊட்டுக்குப் போலாம்" என்று கிளம்பிவிட்டது.

நான் பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்துச் சொன்னேன். "அரிக்கேன் வெளக்குக் கண்ணாடியில புகை புடிச்சா இன்னா ஆயா ஆவும்?"

"வெளிச்சம் வராது."

"வெளக்கு நல்லாத்தான கீது? அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்துட்டுப் புதுக் கண்ணாடி போடுவாங்க. அவ்ளோதான்."

ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இத அந்த டாக்டரே சொல்லியிருக்கலாம்ல?" என்றது. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. இப்போது ஆயாவே ரேடியோ முள்ளைப் பார்த்துத் திருப்புகிறது.

டாக்டரின் நேரத்தில் அரிக்கேன் விளக்குக்கு இடமில்லை. அது வீண் செலவு. ஆனால் அந்த வீண் செலவுதான் ஒரு கண்ணைக் காப்பாற்றியது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிப்பவர்கள். ரேஷன் கார்டு மனு முதல் மருந்துச் சீட்டு வரை நம்மிடம்தான் கொண்டுவருகிறார்கள். நாமும் படித்த பாஷையில் 'க்வாக் க்வாக்' என்று பேசிவிட்டுப் போகலாமா?

ஆகவே இந்த மலர் மூலம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் ஒரு ஹாம் கிளப் தொடங்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பரீட்சைக்கு மோர்ஸ் தேவையில்லை, 50 வாட் வரை அனுமதி உண்டு. நாம் படிக்கிற பாடத்தோடு விதிமுறைகளையும் படித்தால் தேறிவிடலாம். நான் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். கிளப்பின் முதல் ட்ரான்ஸ்மிட்டர் ஏ.எம்.மாக இருக்கட்டும். ஒரு கிரிஸ்டல், சில ட்ரான்சிஸ்டர், ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபையர், ஒரு மாடுலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். நூறு சதவீத மாடுலேஷனுக்கு டி.சி. இன்புட்டில் பாதி அளவு ஆடியோ சக்தி வேண்டும் என்று படித்தோமே, அதைக் கையால் செய்து பார்க்கலாம். லைசென்ஸ் வரும்வரை ஆன்டெனா பக்கம் போகக் கூடாது, 50 ஓம் டம்மி லோடு போதும். லைசென்ஸ் வந்தபின் சைடுபேண்டும் செய்வோம், கண்டம் விட்டுக் கண்டம் பேசுவோம்.

ஆனால் முதல் "சி.க்யூ." மட்டும் கேரியரோடு போகட்டும். உங்கள் அம்மாவோ என் ஆயாவோ வீட்டு ரேடியோவைத் திருப்பினால், "அடடே, இது நம்ம புள்ள குரலாச்சே!" என்று அவர்களுக்குப் புரியட்டும். என்ன படிக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறென்ன இருக்கிறது?

சேர விரும்புகிறவர்கள் லேபில் என்னைப் பாருங்கள். 73!

— மூன்றாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன், நோணாங்குப்பம்