இருபத்தோரு கியரும் பாம்பன் காத்தும்

டிஸ்கி: பதிவில் பல்சக்கரம், வாஷர், செயின் எல்லாம் நிறைய வரும். மொக்கை என்று நினைப்பவர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

நமக்கு ஊர் பாம்பன். "ஓ, பாலம் இருக்கிற ஊரா?" அதே தான். பஜாரில் அப்பா சின்னதா ஒரு பலசரக்குக் கடை வச்சிருக்கார். நான் சென்னையில் பொட்டி தட்டுகிறேன்.

போன வருஷம் அப்பாவுக்கு சர்க்கரை 280 காட்டியது. "தினமும் அரை மணி நேரம் நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்றார் டாக்டர். அப்பாவிடம் ஏற்கனவே ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு, இருபத்திரண்டு இஞ்ச், என்னை விட வயசில் மூத்தது. அரிசி மூட்டையிலிருந்து என்னை வரைக்கும் எல்லாத்தையும் சுமந்தது. மகன் இன்ஜினியர் இல்லையா? அதை 400 ரூபாய்க்குப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு, 21 கியர் வச்ச புது சைக்கிள் ஒண்ணை வாங்கிக் கொடுத்துட்டு, ஆணி பிடுங்க சென்னைக்குக் கிளம்பிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பேன்.

"சைக்கிள் ஓட்டுறீங்களாப்பா?"

"ம்ம், ஓட்டுறேன்."

எட்டு மாசம் கழிச்சு பொங்கலுக்கு வந்தப்பத் தான் தெரிஞ்சது. கொல்லையில், கிணத்துப் பக்கம், ஒரு சாக்கைப் போர்த்திக்கிட்டு நின்னுது வண்டி. சாக்கை எடுத்தா... அவ்வ்வ்வ். செயின் ஒரே கட்டையா இறுகிப் போயிருந்தது. கியர் மாத்துற கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிச்சு அறுந்திருந்தது. டீரெய்லர் ஸ்பிரிங் அமுக்கினா அமுங்கின இடத்திலேயே நின்னுது. ஆனா டயரில், புதுசில் ரப்பர் முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா தான் சொன்னாங்க. முதல் வாரமே அப்பா ரோட்டுப் பாலத்தில் ஏறியிருக்கார். 1988-ல் திறந்த பாலம் அது, இரண்டே கால் கிலோ மீட்டருக்கு மேல் நீளம். அடியில் கப்பல் போகணும் என்பதால் நடுவில் மேடாக இருக்கும். மேட்டில் அழுத்தம் தாங்காம ஏதோ ஒரு லிவரைத் தட்டியிருக்கார். செயின் பல்லைத் தாண்டி, கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கிச்சு. பழைய வண்டியில் செயின் கழன்டா ஒரு குச்சி போதும், மாட்டிடுவார். இதில் எதைத் தொட்டாலும் இன்னொண்ணு இழுக்குது. பின்னாடி டூரிஸ்ட் பஸ்கள் ஹாரன். கடைசியில் மீன் ஏத்தி வந்த ஒரு லோடு ஆட்டோவில் வண்டியைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாராம்.

"அவன்கிட்ட சொல்லாதே. புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது."

அந்த வார டெஸ்டில் சர்க்கரை 310.

பாம்பன் துருவைப் பத்தி ஒரு வார்த்தை. இரும்பை அரிக்கிற ஊர்களில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தது இது தான்னு எங்க ஊரில் பெருமையா (!) சொல்லிக்குவாங்க. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஓயாம பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதுவும் தளர்ந்து போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத கம்பி, தனி ரக பெயிண்ட் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை, ரெண்டு பக்கமும் உப்புக் காத்து. இதுக்கு நடுவில் சாக்குக்கு அடியில் ஒரு சைக்கிள்.

தங்கச்சிமடம் போற வழியில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"தம்பி, இதுல கியர் பூரா மாத்தணும்னா நாலாயிரம் ஆகும். திரும்ப எட்டு மாசத்துல இதே கதி. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஒத்தப் பல்லா ஆக்கிருவமா?"

எனக்கு சுருக்னு இருந்தது. காசு குடுத்து வாங்கின 21-ல் 20-ஐத் தூக்கிப் போடச் சொல்றாரே! ஆனா வேற வழியும் தெரியலை.

டீரெய்லர், லிவர், கேபிள் எல்லாம் பத்து நிமிஷத்தில் கழன்டு வந்திடுச்சு. பின் சக்கரத்தில் இருந்த ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் மட்டும் அசையலை. மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறப் போட்டும் அசையலை. காலையில் பெரியவர் உளியை வச்சு மேல் மூடியைத் தட்டினார். அந்த மறை இடது மறை, தலைகீழா சுத்தணும். மூடி வந்ததும் பால்ரஸ் குண்டெல்லாம் தரையில் உருண்டு ஓட, கடைப் பையன்களோடு நானும் பொறுக்கினேன் (ஆறு டிஜிட் சம்பளம், ஹி ஹி). மிச்சமிருந்த உள் உருளையைப் பக்கத்து போட் பட்டறை வைஸில் இறுக்கி, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி பிடிச்சு ரெண்டு பேர் திருப்பினோம். டக்!

அந்த மறையிலேயே சாதா சைக்கிளின் ஒத்தப் பல் ஃப்ரீவீல் ஏறிடுது. ஆனா ஏழு இருந்த இடத்தில் ஒண்ணு வரும்போது அது கம்பிப் பக்கம் ஒட்டி உட்காரும். முன் பல்சக்கரத்துக்கும் இதுக்கும் செயின் நேர்கோட்டில் வராது. கோணலா ஓடினா சத்தம் போடும், கழலும். நான் போனில் கால்குலேட்டரை எடுக்கறதுக்குள்ள பெரியவர் அச்சில் வலது பக்கம் இருந்த வாஷர்களைக் கழட்டி இடது பக்கம் போட்டுட்டார். ஹப் வலப்பக்கம் நகர்ந்திடுச்சு. ரிம்மும் கூடவே நகர்ந்திருக்கும் இல்லையா, அதுக்கு இடது கம்பிகளை இறுக்கிக் கோட்டம் எடுத்தார். இப்படிப் பண்ணினா ரெண்டு பக்கக் கம்பியும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்துக்கு வருது, சக்கரம் முன்னை விட பலமாகுது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இது வைஸ் பக்கத்தில் நின்னப்பத் தான் புரிஞ்சது.

அடுத்து எந்தப் பல் என்று ஒரு பஞ்சாயத்து. பின்னாடி அவர்கிட்ட இருந்தது 18 பல். முன்னாடி 42, 34, 24 என்று மூணு. 42 போடலாம்னேன். ஒரு மிதிக்கு கிட்டத்தட்ட 4.8 மீட்டர் போகும், சமதளம் தானே? பெரியவர் சிரிச்சார்.

"இங்க மேடு கெடையாது தம்பி, ஆனா காத்து இருக்கு. ஆடி மாசக் கச்சான் எதுத்து அடிச்சா மலை ஏறுற மாதிரி தான். யாரு ஓட்டப் போறது?"

"அப்பா."

"அப்ப நடுப் பல்லு."

34-க்கு 18 என்றால் ஒரு மிதிக்கு 3.9 மீட்டர். நிமிஷத்துக்கு அறுபது மிதி மிதிச்சா மணிக்கு 14 கிலோ மீட்டர். பஜாருக்குப் போறவருக்கு எதுக்கு இதுக்கு மேல? செயினும் சாதா அகல செயின். கியர் வண்டியின் பல் மெல்லிசு என்பதால் அகல செயின் அதில் தாராளமா உட்காரும். மெல்லிய செயினைத் தடிப் பல்லில் மாட்டுறது தான் நடக்காது. நல்ல வேளையா அச்சு உட்காரும் காடி நீளமா இருந்தது, சக்கரத்தைப் பின்னாடி இழுத்து செயினை இறுக்கியாச்சு. மொத்தச் செலவு 750 ரூபாய்.

நான் செஞ்சது பெரிய குத்தம்னு தோணிடக் கூடாதேன்னு மனசு சமாதானம் தேடுது. 1937 வரைக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே டீரெய்லர் கியருக்கு அனுமதி இல்லை. மலை வந்தா இறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறுவாங்களாம். அவங்களுக்கே ரெண்டு தான்!

வண்டியை வீட்டில் நிறுத்தினப்ப அப்பா ஒண்ணும் கேட்கலை. குனிஞ்சு பின் சக்கரத்தைப் பார்த்தார். ஹேண்டில்பாரில் லிவர் இருந்த இடத்தைத் தடவினார். "புதுசாச்சே, வீணாக்கிட்டியேடா" என்றார். குரலில் வருத்தம் இல்லை.

மறுநாள் விடியக்காலை பாலத்துக்குப் போனோம். நான் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில். பாதி மேட்டில் அப்பா இறங்கித் தள்ள ஆரம்பிச்சார். எனக்குப் பகீர்னுச்சு.

"என்னப்பா, கஷ்டமா இருக்கா?"

"இந்த எடத்துல பழைய வண்டியிலயும் இறங்கித் தான்டா தள்ளுவேன்."

உச்சியில் நின்னு தண்ணி குடிச்சோம். பழைய வண்டி எவ்வளவுக்குப் போச்சுன்னு அப்பத் தான் கேட்டார். நானூறுன்னு சொன்னேன். "டைனமோ மட்டுமே அம்பது பெறுமே" என்றார். அதுக்கு மேல பேசலை. இறங்கும்போது என்னை விட்டுட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார்.

இப்ப ரெண்டு மாசம் ஆகுது. நான் கேட்காமலேயே ஞாயித்துக்கிழமை சொல்றார், அக்காமடம் வரைக்கும் போனேன், காத்து ஜாஸ்தி, திரும்பிட்டேன்னு. டெஸ்ட் அடுத்த மாசம். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீங்கப்பா, பிசுபிசுன்னு மண்ணு ஒட்டிக்கும், மெஷின் ஆயில் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். சரின்னு சொல்றார். அம்மாவைக் கேட்டா தேங்காய் எண்ணெய் தான் போடுறாராம்.