பிள்ளையை அறிதல்

பிள்ளைகளைப் பேணுதல் வேறு. அவர்களை அறிதல் வேறு. உணவும் உடையும் கல்வியும் அளித்ததோடு தம் கடன் முடிந்ததென எண்ணும் தந்தையர் எந்நாட்டிலும் உளர். கிறித்தவ இல்லங்களிலே சமய போதனையும் அக்கடனோடு சேர்ந்துகொள்கின்றது. கண்டிப்பு மிகுந்தவிடத்துப் பிள்ளை பணியக் கற்கும், மனந்திறக்கக் கற்பதில்லை. பிள்ளைகளைச் சினமூட்டலாகாது என எபேசியர்க்கு எழுதிய திருமுகத்திலே பவுலடிகள் தந்தையர்க்கு அறிவுறுத்தியமை ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வுண்மையை மகனாகவும் தந்தையாகவும் உணர்ந்தவர் ஜேர்மனியச் சமயச் சீர்திருத்தவாதியான மாட்டின் லூதர் (1483–1546). இளமையில் தந்தை அடித்த அடிக்குத் தாம் அஞ்சி ஓடியதையும், தம்மை மீண்டும் நெருங்கச் செய்யத் தந்தை பாடுபட நேர்ந்ததையும் அவர் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தார். மகன் சட்டம் பயில வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகனோ 1505இல் துறவு மடம் புகுந்தார். தந்தை பெருஞ்சினங் கொண்டார்.

1530 ஜூன் தொடக்கத்திலே, கோபேர்க் கோட்டையில் தங்கியிருந்த லூதருக்கு அத்தந்தை இறந்த செய்தி எட்டியது. சங்கீதப் புத்தகத்துடன் தனியறை சென்று அழுதார். அம்மாதம் 19ஆம் நாள், விற்றன்பேர்க்கிலிருந்த தம் நான்கு வயது மகன் ஹான்சுக்கு ஒரு கடிதம் வரைந்தார். சமயப் பூசல்களின் நடுவே நின்ற அவர், அதிற் கோட்பாடு எதனையும் விளக்கவில்லை. ஓர் அழகிய தோட்டம், பொன்னாடை அணிந்த சிறுவர், அவர்கள் பொறுக்கும் அப்பிளும் செரியும், பொற்கடிவாளம் பூண்ட சிறு குதிரைகள் ஆகியனவே அதன் பொருள். நன்கு செபித்துப் படித்தால் தோழர்களையும் அங்கு அழைத்துச் செல்லலாமென்று, அத்தோழரைப் பெயர் சுட்டியே எழுதினார். மகன் எவரோடு விளையாடுகின்றான் என்பதைத் தந்தை அறிந்திருந்தார்.

லூதரும் கண்டிப்பற்ற தந்தையல்லர். எனினும், 1542இல் 13 வயது மகள் மக்டலேனா நோயுற்றுக் கிடந்தபொழுது, அவள் மனம் தமையனைக் காண ஏங்கியதை உணர்ந்து, டோர்கோவிற் கற்றுக்கொண்டிருந்த ஹான்சை அழைத்துவர வண்டி அனுப்பினார். செப்ரெம்பர் 20ஆம் நாள் தந்தையின் கைகளிலேயே அவளுயிர் பிரிந்தது. அவளது நல்ல முடிவுக்காக இறைவனுக்கு நன்றி கூறவேண்டிய தம்மால் அழுகையை அடக்க இயலவில்லையென நண்பரொருவருக்கு அவர் எழுதினார். உயிர்த்தெழுதலைப் போதித்த நாவும் அவ்விடத்தே தளர்ந்தது. பிள்ளையை ஆழ அறிந்தவர்க்கே வாய்க்கும் துயரம் அது.

பிள்ளையின் தோழர் யாரென அறிவதற்குத் தந்தைக்குப் பேரறிவு வேண்டியதில்லை. அருகே அமர்ந்து கேட்கச் சிறிது பொழுதே வேண்டும்.