மீட்டரில் எரியாத எழுத்து

இஸ்திரிக்காரரின் கால் முறிந்ததற்கு நான்தான் காரணம். எங்களுக்கு வண்டி ஓட்ட வந்த ஆக்டிங் டிரைவர் காரணமில்லை. நான் அத்தை என்று அழைக்கும் என் மாமியாரும் காரணமில்லை. இதைப் பதினோரு நாள் மறைத்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வேன்.

கார் ஓட்டக் கற்றபோது எனக்கு வயது 46. கிளட்ச் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பயிற்சி வண்டியை வேளச்சேரி சாலையில் நட்டநடுவில் அணைத்துவிட்டு, பின்னால் ஹாரன் அலற, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அதனால்தான் 2019-ல் ஆட்டோமேட்டிக் செடான் ஒன்றை வாங்கினோம். ஏழு வருடம் ஓடிய பழைய வண்டி. "இதுல என்ன இருக்கு, குழந்தைகூட ஓட்டும்" என்றார் என் கணவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத் தைத்தது. அன்று முதல் அந்தக் காரை யாரும் தொட விடவில்லை. டயருக்குக் காற்று, சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் நானே பார்த்தேன். அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நான்தான். தெருவில் என் வயதுப் பெண்களில் கார் ஓட்டுகிறவள் நான் ஒருத்தி. அந்தப் பெருமை எனக்குத் தேவைப்பட்டது.

பழுது 2023 மார்ச்சில் தொடங்கியது. மீட்டர் போர்டில் பி, ஆர், என், டி என்று நான்கு எழுத்துகள் உண்டு. லீவர் எங்கே இருக்கிறதோ அந்த எழுத்து எரியும். ஒருநாள் லீவரைப் பார்க்கிங்கில் தள்ளினேன். பி எரியவில்லை. லீவரைக் கொஞ்சம் ஆட்டினேன். எரிந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அப்படியே. பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. லீவரை நியூட்ரலுக்கு இழுத்துத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். இதை நானே கண்டுபிடித்தேன். யாரிடமும் கேட்காமல் ஒரு வழி கண்டுவிட்டேன் என்று அன்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்கு நானே எழுதி வைத்திருந்தேன்: "நீ என்ன பண்ணின?" அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவர் அப்படிக் கேட்டிருப்பார் என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கவிடவே இல்லையே நான்.

மூன்று பேர் எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

முதலில் மெக்கானிக். மே மாதம் ஆயில் மாற்றப் போனபோது, லீவரை இரண்டு முறை அசைத்துப் பார்த்து, "ஆட்டம் இருக்கு மேடம். ஒருநாள் விட்டுட்டுப் போங்க, அடியில இறங்கிப் பார்க்கணும்" என்றார். ஒருநாள் விட்டால் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதம் போகவில்லை.

இரண்டாவது, அந்த இஸ்திரிக்காரர். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி. நாள் முழுதும் எங்கள் வாசலைப் பார்த்து நின்று தேய்ப்பவர். ஜூலையில் துணி வாங்கப் போனபோது சொன்னார்: "அம்மா, நீங்க வண்டிய நிறுத்தி முடிச்ச பிறகும் பின்னாடி வெள்ளை லைட்டு எரிஞ்சுதும்மா. சாவிய எடுத்த பிறகுதான் அணைஞ்சுது." வெள்ளை விளக்கு ரிவர்ஸ் கியருக்கு உரியது. "ஒயரிங்ல ஏதோ கோளாறுண்ணே" என்று சொல்லிவிட்டு, துணியை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது, ஆக்டிங் டிரைவர். இருபத்து நான்கு வயதுப் பையன். ஆகஸ்டில் வேலூரில் ஒரு கல்யாணம். விடியற்காலைப் பயணம் என்பதால் அவரை வைத்துக்கொண்டோம். இரவு திரும்பி வந்து, சாவியைக் கொடுக்கும்போது என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மேடம், கியர் பார்க்கிங்ல சரியா உட்காரல. ஹேண்ட் பிரேக் போடாம இறங்காதீங்க. வீடு வேற மேடு." எனக்குக் கோபம் வந்தது. என் வண்டியைப் பற்றி எனக்கே பாடமா? "எனக்குத் தெரியும்" என்றேன். பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வழக்கமாகக் கொடுக்கும் சாப்பாட்டுக் காசைக் கொடுக்கவில்லை.

வீடு மேடு என்று அவர் சொன்னது சரி. மடிப்பாக்கத்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். வீட்டை இடித்துக் கட்டியபோது தரையைத் தெருவிலிருந்து மூன்றரை அடி உயர்த்தினோம். போர்டிகோ சின்னது. காரின் முன்பக்கம் தளத்தில் நிற்கும், பின்பக்கம் சரிவில் நிற்கும். அந்தச் சரிவில் நான்கு வருடம் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டதில்லை. பார்க்கிங் என்று ஒன்று இருக்கும்போது ஹேண்ட் பிரேக் எதற்கு என்பது என் எண்ணம்.

வேலூர் போய்வந்த மறுநாள், மாலை ஐந்தே கால் மணி. கோயிலிலிருந்து அத்தையை அழைத்துவந்தேன். காரைச் சரிவில் ஏற்றி நிறுத்தினேன். லீவரை மேலே தள்ளினேன். பி எரியவில்லை. நான்கு எழுத்தில் ஒன்றுகூட எரியவில்லை. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பார்த்துவிட்டுத்தான் சாவியை உருவினேன். பேட்டரி ஏதோ இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கை ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பையன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததால்தான் போடவில்லை. அவன் சொல்லி நான் செய்வதா என்ற வீம்பு. அவ்வளவுதான்.

கார் நின்றது. இறங்கிப் பூட்டைத் திறக்கப் போனேன். அத்தை மெதுவாக இறங்கினார். எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. இறங்கிக் கதவைச் சாத்தினார். சற்று ஓங்கித்தான் சாத்தினார். உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம். கார் பின்னால் போகத் தொடங்கியது.

முதலில் நடக்கிற வேகம்தான். சரிவு முடிவதற்குள் ஓட்டமாகிவிட்டது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. அத்தை கத்தினார். இஸ்திரிக்காரர் குனிந்து பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஒதுங்கியிருந்தால் தப்பியிருப்பார். தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய பேரன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிவிட்டுத்தான் நகர்ந்தார். காருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. கரி சிதறி, அடுக்கி வைத்திருந்த துணி புகைந்தது. பேரன் அழவே இல்லை. நோட்டைப் பிடித்தபடி நின்றான்.

கூட்டம் கூடியது. யாரோ கேட்டார்கள், "எப்படிம்மா ஆச்சு?" எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதை வைத்து நான் செய்தது இது: "நேத்து ஒரு டிரைவர் ஓட்டினான். கியர்ல என்னவோ பண்ணி வச்சிருக்கான்."

அந்த டிரைவர் பையனை வரச் சொன்னார்கள். வந்தான். என் கணவர் சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான். நான் அத்தைக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அத்தைக்கு அப்போது தண்ணீர் தேவைப்படவில்லை.

அவனை வழக்கமாகக் கூப்பிடும் வீடுகள் எங்கள் தெருவில் மூன்று. மூன்றும் நிறுத்திவிட்டன.

இஸ்திரிக்காரரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள். விபத்து என்றால் போலீசுக்குத் தகவல் போகும். போகும் வழியில் அவரே சொன்னார்: "தடுக்கி விழுந்து வண்டி மேல சாஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கிறேன்மா. உங்களுக்கு எதுக்கு போலீசு கீலீசு." வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் நாற்பதாயிரம் கொடுத்தோம். பெரிய மனதோடு கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். என் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் இருந்தாக வேண்டிய காப்பீடுதான் அது. வழக்குப் பதிவாகியிருந்தால் அவர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டிருக்கலாம். உழைக்க முடியாமல் போன மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறவள் நான். அவருக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். லீவரில் தொடங்கி கியர் பாக்ஸ் வரை ஒரு கேபிள் போகிறது. அதன் முனையில் ஒரு சின்ன புஷ், கட்டைவிரல் நகத்தளவு. அது நைந்து தூளாகியிருந்தது. உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். லீவர் முழுதாக நகர்ந்தாலும் கேபிள் முழுதாக நகராது. லீவர் பார்க்கிங்கில் இருக்கும், கியர் பாக்ஸ் பார்க்கிங்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நிற்கும். பார்க்கிங் என்பது உள்ளே ஓர் எஃகுக் கொக்கி பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்வது. அன்று அது பள்ளத்தில் விழவில்லை. பல்லின் நுனியில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. கதவைச் சாத்திய அதிர்வில் நழுவிவிட்டது. கிளட்ச் வண்டியாக இருந்தால், அணைத்த பிறகும் கியரில் விட்டால் என்ஜின் பிடித்து நிறுத்தும். ஆட்டோமேட்டிக்கில் என்ஜின் நின்றால் ஆயில் அழுத்தமும் போய்விடும். சக்கரத்தைப் பிடிக்க அந்தக் கொக்கியை விட்டால் ஹேண்ட் பிரேக்தான்.

"அப்போ மீட்டர் லைட்டும் ரிப்பேரா?" என்று கேட்டார் என் கணவர். இல்லை என்றார் மெக்கானிக். அந்த எழுத்துகளுக்குத் தகவல் லீவரிலிருந்து போவதில்லை. கியர் பாக்ஸ் மேலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதிலிருந்து போகிறது. உள்ளே கியர் எந்த இடத்திலும் சரியாக உட்காராதபோது எந்த எழுத்தும் எரியாது. பார்க்கிங்கோ நியூட்ரலோ இல்லை என்றால் அதே சுவிட்ச் ஸ்டார்ட் ஆகவும் விடாது. ரிவர்ஸ் விளக்கை எரிய வைப்பதும் அதுதான். ஐந்து மாதம் அந்த சுவிட்ச் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பழுது என்றேன்.

"இது ஒரு நாள்ல ஆனதில்ல மேடம். முன்னாடியே காட்டியிருக்குமே?" என்று கேட்டார். மே மாதம் தான் சொன்னதை அவர் எடுக்கவில்லை. எனக்கு விட்டுக்கொடுத்தார். "இல்லையே" என்றேன்.

அதன் பிறகும் குற்றத்தைத் தூக்கிப்போட ஆள் தேடினேன். இதே மாதிரி புஷ் வெப்பத்திலும் ஈரத்திலும் நைந்து கழன்றுபோகக்கூடும் என்று 2022-ல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது. என் கார் அவர்கள் தயாரிப்பு இல்லை. ஆனாலும், வண்டி செய்கிறவர்கள்மேல் பழி போட ஒரு வழி கிடைத்தது என்று ஆவலாகப் படித்தேன். சரிசெய்யும்வரை நிறுத்தும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பையன் சொன்ன அதே வார்த்தை.

பதினோராம் நாள் இரவு அத்தை தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "நான்தான் கதவை ஓங்கிச் சாத்திட்டேன். அந்த மனுஷன் காலு என்னாலதான் போச்சு. யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றார். அத்தனை நாளும் அவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லை. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "என்கிட்ட சொல்லக்கூட பயமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா இருந்தார். அவர் முன்னால் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றான். உட்காரச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரரிடமும் சொன்னேன், காப்பீட்டு விஷயத்தையும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை இனி மாற்ற வேண்டாம், அலைய முடியாது என்றுவிட்டார். ஆறு மாதம் அவர் வண்டி போடவில்லை. வாடகையை நாங்கள் கொடுத்தோம். இப்போது நிற்கிறார், இடது காலில் பாரம் போட்டு.

பையனைக் கூப்பிடுவதை நிறுத்திய மூன்று வீடுகளில் இரண்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு வீடு அவனை மறுபடியும் கூப்பிடுகிறது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் அதற்குள் காலி செய்து பெங்களூர் போய்விட்டார்கள். அவன்தான் வண்டியைக் கெடுத்தான் என்று நினைத்துக்கொண்டே போனார்கள். அவர்கள் நம்பர் என் போனில் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை நான் அழைக்கவில்லை.