பத்திரச் செலவு தனி

"அறுபது லட்சம் சார், ஃபைனல். பத்திரச் செலவு தனி."

டீக்கடையில 'பன்னு தனி'ங்கற மாதிரி சொல்லிட்டாரு புரோக்கர்.

தாம்பரம் பக்கம், பழைய ஃபிளாட்.
பாத்ரூம் சீலிங்ல ஒரு தட்டு அளவுக்கு மட்டும் பளிச்னு புது வெள்ளை. ஓரத்துல லேசா மஞ்சள் எட்டிப் பாக்குது.
"மேல்வீட்டுக்காரங்க நல்ல மனுஷங்க சார்"னாரு.
நான் கேட்டது அவங்க குழாயைப் பத்தி!

மொட்டை மாடிக்குப் போய் கணக்குப் போட்டேன்.
முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. ஆகமொத்தம் 5,40,000.
பேங்க் இதுக்கு லோன் தராது. கையிலேர்ந்துதான் வைக்கணும்.

"பொம்பளை பேர்ல பதிஞ்சா 1 சதவீதம் குறையுமே"னு வீட்டம்மாவுக்கு ஒரே உற்சாகம்.
குறையும். சொத்து 10 லட்சத்துக்குள்ள இருந்தா.
அந்தக் காசுக்கு இங்க பால்கனி வரும், கம்பி நம்ம செலவு.

48 லட்சம் லோன், 8.5 சதவீதம், 20 வருஷம்னா மாசம் 41,656.
கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 1 கோடி.
வெண்டைக்காய்க்கு அஞ்சு ரூபா பேரம் பேசுற வாய், பேங்க்ல "சரிங்க சார்"ங்குது.

வேணாம்னு சொல்லலாம்னு பார்த்தா,
"செவுத்துல ஆணி அடிக்க ஓனர்கிட்ட கேக்காம இருக்கணும்ங்க, அவ்ளோதான்"ங்கறாங்க வீட்டம்மா.
இதுக்கு என்ன பதில் இருக்கு?

வாங்கினவங்க சொல்லுங்கப்பா. அந்தப் பத்திரச் செலவுக்கு நகையை வச்சீங்களா, பி.எஃப்.ல கை வச்சீங்களா, இல்ல மாமனாரா?