18 சென்டிமீட்டர் அம்பாசடருக்குள்

1/24 அளவில் ஓர் அம்பாசடர் செய்தால் அதன் நீளம் 18 சென்டிமீட்டர் வரும். பின்சீட்டு ஒரு தீப்பெட்டி நீளம்தான். வெளியே அடிக்கிற வெள்ளையில் பெரிய குழப்பம் கிடையாது. உள்ளே பூசுகிற நிறத்தில்தான் அது வண்டியாகிறது, இல்லையென்றால் பொம்மையாகவே நின்றுவிடுகிறது. ஜன்னலுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மாடலைக் கையில் வாங்கும் எவரும் முதலில் குனிந்து பார்ப்பது ஜன்னலுக்குள்தான்.

புதிதாகச் செய்ய வருகிறவர்கள் டேஷ்போர்டு கறுப்பு, ஸ்டீயரிங் கறுப்பு, தரைவிரிப்பு கறுப்பு என்று ஒரே புட்டியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். கூரையை மூடியதும் உள்ளே ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சுகிறது. காரணம் எளிது. 1/24 மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ வண்டியை 7.2 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். கொடை ரோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்ஸியை அந்தத் தூரத்திலிருந்து பாருங்கள். அம்பாசடர் அங்கே இன்று அபூர்வம், உத்தரபாராவில் 2014-இல் அதன் தயாரிப்பே நின்றுபோனது. எந்தப் பழைய வண்டியானாலும் சரி. டேஷ்போர்டு கறுப்பு என்று மனசுக்குத் தெரியும். கண்ணில் விழுவதோ தூசி படிந்த சாம்பல். தொலைவு கூடக் கூட அடர்நிறம் வெளுக்கும், பளிச்சென்ற நிறம் மங்கும்.

வெளிச்சக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. திண்டுக்கல்லின் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டு அலமாரியில் டியூப் லைட் தருவது சில நூறு. அதிலும் ஒரு பங்குதான் அந்தச் சின்ன ஜன்னல்களைக் கடந்து உள்ளே போகும். நிஜ வண்டியின் நிறத்தை அப்படியே பூசினால், நிழல் அதன்மேல் இன்னொரு பூச்சாக ஏறிவிடும். ஆகவே சீட்டு, கதவு, டேஷ்போர்டு எல்லாவற்றையும் நான் நிஜத்தைவிட இரண்டு படி வெளுப்பாகவே கலக்குகிறேன். கறுப்புக்குப் பதில் தமியா பெயிண்டில் மூன்று புட்டிகள்: டேஷ்போர்டுக்கு எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே, ஸ்டீயரிங்குக்கு எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக், ரப்பர் விரிப்புக்கு எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக். தனித்தனியே பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கண் அவற்றைப் பிரித்துக்கொள்கிறது, பொருள்களும் பிரிந்து நிற்கின்றன.

சீட்டின் நிறத்துக்கு நான் புட்டியைத் தேடிப் போவதில்லை. குஷன் கடைகளில் ரெக்ஸின் துண்டுகள் கழிவாகக் கிடக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி வந்து அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மெரூன், தேன் நிறம், கரும்பச்சை, நீலம். துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, புது ரெக்ஸினைப் பாத்து கலர் பிடிக்காதீங்க. ரெண்டு கோடை தாண்டுன சீட்டைப் பாருங்க, அதுதான் வண்டிக் கலர்." ஓடுகிற வண்டியைச் செய்பவனுக்கு இதைவிடத் துல்லியமான பாடம் கிடையாது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுத் துண்டுக்குப் பக்கத்திலும், பிரித்தெடுத்த பழைய சீட்டிலிருந்து ஒரு துண்டையும் ஒட்டிவருகிறேன். மெரூன் பழுப்பை நோக்கிப் போகிறது, நீலம் சாம்பலை நோக்கி.

தோல் இருக்கைக்கு இதே வழி உதவாது. இதைக் கண் கற்றுக்கொண்டது திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளால். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோல் தமிழ்நாட்டின் பழைய சரக்கு. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில் கப்பலேறியது, திண்டுக்கல் அதன் முக்கிய ஊர்களில் ஒன்று. பட்டைச் சாறில் ஊறி வெளியே வரும்போது அது வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு. வெயில் படப்பட சிவந்து கறுக்கும். ரெக்ஸின் வெளுக்கிற அதே வெயிலில் பட்டைத் தோல் முதிர்கிறது. எங்கள் ஊர்த் தோல் கார் சீட்டுக்குப் போனது என்று நான் சொல்லவரவில்லை. பழுப்பு எந்தத் திசையில் நகரும் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் தேன்நிற ரெக்ஸின் என்றால் கலவையில் வெள்ளையும் துளி சாம்பலும் சேர்க்கிறேன். போருக்கு முந்தைய ஆங்கிலேயக் காரின் தோல் இருக்கை என்றால் யெல்லோ ஆக்கரில் தொடங்கி, பர்ன்ட் சியன்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். கோவை அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது, 2015-இல் திறந்தது. அங்கே பழைய வண்டிகளின் உட்புறத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். சீட்டின் நடுப்பகுதி ஒரு நிறம், உடம்பு உரசாத ஓரம் வேறு நிறம். தையல் பள்ளத்தில் மூன்றாவது.

அந்த மூன்றும் மாடலில் வந்தாக வேண்டும். அடிநிறம் காய்ந்ததும் ரா அம்பரை நீர்க்கக் கரைத்துத் தையல் கோடுகளில் ஓடவிடுவேன். பிறகு அடிநிறத்தில் வெள்ளை கலந்து, பிரஷ்ஷைத் துணியில் ஏறக்குறைய உலரும்வரை துடைத்து, மேட்டுப் பகுதிகளில் மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பேன். அக்ரிலிக் ஈரத்தில் காட்டும் நிறம் வேறு, காய்ந்தால் ஒரு படி கருக்கும். எனவே அட்டையில் பூசிக் காயவைத்து, அதை டியூப் லைட்டிலும் வாசல் வெளிச்சத்திலும் பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும். விளக்கடியில் ரெக்ஸின் துண்டோடு ஒத்துப்போகிற பழுப்பு வெயிலில் பச்சை காட்டுவதுண்டு. சித்திரை, வைகாசியில் பெயிண்ட் பிரஷ் நுனியிலேயே இறுகிவிடும், அந்த மாதங்களில் விடியற்காலைதான் வேலை நேரம்.

பளபளப்பையும் அளவுக்கேற்பக் குறைத்தாக வேண்டும். நிஜ ரெக்ஸினின் மினுக்கை அப்படியே கொண்டுவந்தால் மாடலில் அது ஈரம்போலத் தெரியும். சீட்டுக்குச் சாட்டின் வார்னிஷ், விரிப்புக்கும் கூரைத் துணிக்கும் முழு மேட். கதவின் உள்விளிம்பு இரும்பு வண்டியின் வெளி நிறத்திலேயே பளபளக்கட்டும்.

பலர் கைவைக்காத இடம் கூரையின் உட்புறம். வெளியிலிருந்து தெரியாது என்று பிளாஸ்டிக்காகவே விட்டுவிடுகிறார்கள். பழைய வண்டிகளின் கூரைத் துணி பெரும்பாலும் வெளிர்நிறம். மாடலிலும் அங்கே பால்வெள்ளையில் துளி ஆக்கர் கலந்து பூசினால், ஜன்னல் வழியே நுழையும் சொற்ப வெளிச்சம் அதில் பட்டுச் சீட்டின்மேல் இறங்கும். பிளாஸ்டிக் ஒளி கசியவிடுகிற வகையானால் அந்தப் பூச்சுக்கடியில் முதலில் ஒரு கை கறுப்பு கொடுக்க வேண்டும். உடலை ஒட்டுவதற்கு முன் அதைத் தற்காலிகமாகக் கவிழ்த்துவைத்து, சீட்டின் நிறத்தை அந்தக் கூரைக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பூச்சைக் கலக்குகிறேன்.